வண்டிக்காரனின் தபசு

என் வீட்டுக்காரர் வண்டிக்காரனை மன்னித்துவிட்டார் என்ற செய்தி எனக்குக் கோயில் பிரசங்கத்தில்தான் தெரிந்தது. அவர் அப்போது புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வலது காலை முழங்காலுக்கு மேலே வைத்து எடுத்திருந்தார்கள். பாகூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்களைப் பார்த்துக்கொண்ட சாமியார் ஒரு பிரெஞ்சுக்காரர். பட்டணம் போனவர் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை பூசையில் சொன்னார். "காலை இழந்தவன், தன் காலைப் பறித்தவனுக்காகக் கட்டிலில் கிடந்து ஜெபம் செய்கிறான்" என்றார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் இரண்டு பெண் குழந்தைகள். அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பீடத்து மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். நாங்கள் குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் வைத்திருந்தோம். அந்த வருஷம் கரும்பு போட்டிருந்தோம். வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குக் கரும்பை ஏற்றிப்போக, பக்கத்துத் தெரு வண்டிக்காரனைக் கூப்பிட்டிருந்தார் என் வீட்டுக்காரர். அவனும் எங்கள் கோயில் ஆள்தான். நல்ல மாடுகள், நல்ல வண்டி. ஆனால் சாராயக்கடை வாசல் வந்தால் அவன் மாடுகளே தானாக நின்றுவிடும். அன்றும் நின்றிருக்கின்றன. ஏரிக்கரை மேல் வரும்போது அவன் நுகத்தடிப் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டான். சக்கரம் கரைச் சரிவில் இறங்க, பக்கத்தில் நடந்து வந்த என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்திருக்கிறார். பாரம் முழுக்க அவர்மேல் கவிழ்ந்தது. வண்டிக்காரன் மறுபக்கம் புல்லில் போய் விழுந்தான். அவனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. மாடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போலீசில் எழுதிவைக்கச் சொல்லி ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அவர் ஊருக்கு வந்து சேர்ந்ததும் கேட்டேன்.

"அவன் ஜெயிலுக்குப் போனா என் காலு மொளைச்சிடுமா?" என்றார்.

"காலு மொளைக்காது. செஞ்சவன் செஞ்சதுக்கு ஒரு பதிலாவது சொல்லணும் இல்ல?"

"அவன் வேணும்னா செஞ்சான்? குடிச்சிருந்தான், தூங்கிட்டான். வுடு."

அவரால் விட முடிந்தது. சிறுவயதிலிருந்தே அப்படிப்பட்ட ஆள். கோபம் அவரிடம் தங்காது. கல்யாணமான புதிதில் அந்தக் குணத்தைப் பார்த்து மாதாவுக்கு நன்றி சொன்னவள் நான். இப்போது அந்தக் குணத்துக்கு வேண்டிய வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. உழவு மாடுகளை விற்றாயிற்று. குத்தகை நிலத்தை விட்டுவிடாமல் வைத்திருக்க வேண்டும். நான் காலையில் ஊரார் வயலில் நடவுக்கோ களைக்கோ போவேன். மத்தியானத்துக்கு மேல் எங்கள் நிலம். பொழுது சாயப் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு வருவேன். நான் கன்னியர் மடத்தில் அனாதையாக வளர்ந்தவள். எழுதப் படிக்கவும் பூத்தையல் போடவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சேற்றில் இறங்கியதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்தான். அந்த வருஷம்தான் என் காலில் முதல் முதலாகச் சேற்றுப்புண் வந்தது.

இதற்கிடையில் வண்டிக்காரன் தபசு செய்ய ஆரம்பித்தான்.

முதலில் குடியை நிறுத்தினான். அதை நானும் நல்லது என்றுதான் நினைத்தேன். பிறகு மொட்டை போட்டுக்கொண்டான். வில்லியனூர் மாதா கோயிலுக்குச் செருப்பில்லாமல் வெயிலில் நடந்துபோய் வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே வராமல் கோயில் வாசல் மணலில் முழங்காலில் நிற்பான். பூசை முடிந்து வருகிறவர்கள் அவன் முதுகைத் தொட்டுவிட்டுப் போவார்கள். பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் வந்ததும் ஒரு வேளைதான் சாப்பிட்டான். "இனிமே இந்தக் கையால மாட்டுக் கயிற தொட மாட்டேன்" என்று பீடத்துக்கு முன்னால் பொருத்தனை செய்துகொண்டான். வண்டி அவன் வீட்டுக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டபடி கிடந்தது.

சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். முருங்கை மரத்தடியில் என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். இவன் கீழே தரையில். தரையில் கரிக்கோடு போட்டு இரண்டு பேரும் ஆடுபுலி ஆடுவார்கள். நான் தலையில் புல்கட்டோடு படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது வண்டிக்காரன் எழுந்து நின்று கையைக் கூப்புவான். கண்ணில் தண்ணீர் நிற்கும்.

"அண்ணி..." என்பான்.

நான் புல்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். ஒரு நாளாவது அந்தப் புல்கட்டுக்கு ஒரு கை கொடுத்து இறக்கியிருந்தால் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ. அவனுக்கு அது தோன்றவில்லை. கும்பிட்டபடியே நிற்பான்.

"அவனுக்கும் ரெண்டு வாய் கூழ் ஊத்து" என்பார் இவர்.

ஊற்றினேன். ஊற்றாமல் இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு வேளைதான் சாப்பிடுகிறான் என்று ஊரே பேசிய அந்த ஒரு வேளை எங்கள் வீட்டுக் கூழ்தான்.

ஊர் அவன் பக்கம் போய்விட்டது. கிணற்றடியில், வயலில், கோயில் படியில், எங்கே போனாலும் இதே பேச்சுதான்.

"பாவம்டி, எப்படி உருகிப் போய்ட்டான் பாரு."

"அந்த அண்ணன் பொறுத்துட்டாரு. நீ இன்னாடி இன்னும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கற?"

"படிச்ச பொம்பள. மடத்துல வளந்தவ. இவளுக்குத் தெரிய வாணாமா?"

பரலோக மந்திரம் சொல்லும்போது, தீமை செய்தவர்களைப் பொறுப்பது பற்றிய இடம் வந்ததும் என் வாய் தானாக நின்றுவிடும். சொல்லாமல் விட்டுவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் இருந்தவள் அதைக் கவனித்துவிட்டாள் போலிருக்கிறது. விஷயம் சாமியார் காதுக்குப் போயிற்று.

சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். காய்ச்சல் வந்த வீட்டுக்கெல்லாம் தானே மருந்து எடுத்துக்கொண்டு வருவார். அவர் பேசுவது புத்தகத் தமிழ்.

"மகளே, அந்த மனிதன் தன்னைத் தாழ்த்திக்கொண்டான். நீயும் உன்னைத் தாழ்த்திக்கொள். மன்னிப்பு என்பது கடினம். நான் அறிவேன்."

"தோத்திரம் சாமி. மன்னிச்சது எங்க வூட்டுக்காரரு. நாத்து நடறது நானு. ரெண்டையும் ஒரே ஆளு செஞ்சிருந்தா இவ்ளோ கஷ்டம் இல்ல."

நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா, தமிழில் எங்காவது தடுக்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. "சேசுநாதரின் பாடுகளை நினைத்துப் பார்" என்றார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அவர் மேலும் எனக்குக் கோபமில்லை. யார் மேல் கோபப்படுவதென்றே தெரியாத கோபம் அது. எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் கெட்டவளாகிக்கொண்டிருந்தேன்.

சேசுநாதர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிந்த பிறகு ஒரு நாள் களை எடுத்துக்கொண்டிருந்தபோது வண்டிக்காரன் மனைவி வரப்பில் வந்து நின்றாள். என்னைவிடச் சின்னவள். நிறைமாதம். வெயிலில் முகம் கறுத்துச் சுருங்கிப் போயிருந்தது. இவளும் மன்னிப்பு கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் நிமிரவே இல்லை.

"அக்கா" என்றாள். "அவர வூட்டுக்கு அனுப்புக்கா."

நிமிர்ந்தேன்.

"வண்டிய தொட மாட்டேன்றாரு. ரெண்டு மாடும் எலும்பாப் போச்சி. கூலிக்குப் போன்னா, நான் பாவி, எனக்கு எதுக்கு சம்பாத்தியம்னு சொல்றாரு. மெழுகுவத்தி வாங்கறதுக்கு என் அண்டாவ எடுத்துக்கினு போய்ட்டாரு. புள்ளைங்களுக்குக் கஞ்சி இல்லக்கா. குடிச்சிக்கினு இருந்தப்பவாவது வண்டி ஓட்டினாரு."

"இத்த ஏன் எங்கிட்ட வந்து சொல்ற?"

"நீ பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா எல்லாத்தையும் வுட்டுடுவாராம். அண்ணன் சொன்னது போதாதாம். நீ சொல்லணுமாம்."

கையில் இருந்த களையை வரப்பில் வீசினேன். அவள் மேல் படவில்லை, ஆனால் அவள் பின்வாங்கினாள். அதைப் பார்த்ததும் எனக்கே சங்கடமாகிவிட்டது. அவளும் என்னைப் போலத்தான். ஒருவன் குடித்ததுக்கு நான் சேற்றில் நிற்கிறேன். அவன் குடியை விட்டதுக்கு அவள் பட்டினி கிடக்கிறாள். தூக்குச் சட்டியில் இருந்த கூழை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள்.

அன்று சாயங்காலம் புல்கட்டோடு உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல அவன் எழுந்து கையைக் கூப்பினான். நான் கட்டை இறக்காமல் நின்றேன்.

"உன் வூட்ல அடுப்பு எரிஞ்சி எத்தினி நாளாவுது?"

என் வீட்டுக்காரர், "இந்தா, இன்னா பேச்சு இது?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. நான் அவனத்தான் கேக்கறேன். மண்டி போட்டது போதும்பா. நாளைக்கு வண்டியப் பூட்டு. உன் புள்ளைங்களுக்குச் சோறு போடு. மிச்சம் நேரம் இருந்தா என் வயலுக்கு எரு அடிச்சிப் போடு. அதான் எனக்கு வேணும்."

அவன் சட்டென்று என் காலில் விழுந்தான். "அண்ணி, பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்பால நீங்க இன்னா சொன்னாலும் செய்யறேன்."

"அந்த வார்த்த எனக்கு வாயில வரல. வராததுக்கு நான் இன்னா பண்ணட்டும்? அதுக்காக உன் பொண்டாட்டி பட்டினியா கெடக்கணுமா?"

அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகை போய் அவன் முகத்தில் ஒரு மனக்குறை வந்து உட்கார்ந்தது. நல்லவன் ஒருவனை யாரோ அவமானப்படுத்திவிட்டது மாதிரி. படலைத் திறந்துகொண்டு போனான்.

"வந்தவன இப்படிப் பேசி அனுப்பிட்டியே" என்றார் இவர். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அவருக்குத் துணை போய்விட்டது. பாதி ஆட்டம் அப்படியே தரையில் கிடந்தது. அதையும் நான்தான் பெருக்கினேன்.

அதற்கப்புறம் அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் வண்டியைப் பூட்டினான். மாடுகளுக்குத் தீனி கிடைத்தது, பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடைத்தது. அவன் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தவத்தில் இருந்தவனைத் தடுத்துக் கெடுத்தவள் என்று ஊர் எனக்குப் பேர் வைத்தது. என் வயலுக்கு எரு வரவில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, பக்கத்து ஊர் கரியமாணிக்கத்தில் ஒரு வீட்டில் நடவுக்கு ஆள் கேட்டிருந்ததால் அங்கே போய்ப் பேசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். வாய்க்கால் ஓரம் ஒரு வண்டி நின்றது. மாடுகள் பூட்டியபடியே வெயிலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. கிட்டே போனால் வண்டிக்காரன் வாய்க்கால் சரிவில் கிடக்கிறான். கால் தண்ணீரில், தலை சேற்றில். சட்டை முழுக்க வாந்தி. ஈ மொய்த்தது.

எனக்கு முன்னாலேயே எங்கள் கோயில் ஆட்கள் சிலர் அந்த வழியாகப் போயிருந்தார்கள். நான் நிற்கும்போதே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மணலில் முழங்காலில் நின்றவன் முதுகைத் தொட்டுவிட்டுப் போனவர்கள்தான்.

"பாத்தியா வேஷத்த?" என்றார் ஒருவர். "எம்மாம் நடிப்பு நடிச்சான்."

"அண்ணே, ஒரு கை புடிங்க. வண்டியில ஏத்திடலாம்" என்றேன்.

"உனக்கு இன்னாமா பைத்தியமா? உன் புருஷன் கால எடுத்தவன் இவன். கெடக்கட்டும்." நான் இத்தனை மாதமாக மனதில் வைத்திருந்ததை அவர் எனக்கே எடுத்துச் சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றபடி போய்விட்டார்.

நானும் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தேன். கொஞ்ச தூரம் நடக்கவும் நடந்தேன். ஒரு மாடு கத்தியது. மாட்டையாவது அவிழ்த்து நிழலில் கட்டுவோம் என்று திரும்பினேன். அவிழ்த்துத் தண்ணீர் காட்டினேன். அதற்குப் பிறகு மனிதனை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. எனக்கு அவன்மேல் இரக்கம் பொங்கியது என்று சொன்னால் பொய். "நான்தான் கெடச்சனா, ஆண்டவரே, இந்த ஊர்ல வேற ஆளே இல்லையா" என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டேதான் சரிவில் இறங்கினேன்.

முந்தானையை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தேன். அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. "தண்ணி" என்றான். கையில் அள்ளிக் கொடுத்தேன். குடித்ததும் என் புடவை மேலேயே வாந்தி எடுத்தான். கும்பிடவில்லை, அழவில்லை, அண்ணி என்று சொல்லவில்லை. வெறும் குடிகாரன். மொட்டையும் முழங்காலும் கண்ணீருமாக நின்றபோது என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது பார்க்க முடிந்தது. கன்னத்தில் சேறும், முளைக்கத் தொடங்கிய நரையும். என் வீட்டுக்காரரைவிட வயதில் சின்னவன், ஆனால் கிழவன் மாதிரி இருந்தான். ஒரு பெரிய குழந்தையின் பீயை அலசுகிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு அவனை அலசினேன்.

தூக்க முடியவில்லை. இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து இழுத்து, வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்தி, எப்படியோ மேலே சரித்தேன். மாடுகளைத் திரும்பப் பூட்டினேன். அதற்கு முன் நான் வண்டி ஓட்டியதே இல்லை. மாடுகள் ஓட்டுகிறவர்களைவிடச் சாதுவாக இருந்ததால் பிழைத்தேன். ஏரிக்கரை வந்ததும் இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் அவன் குறட்டை விட்டுக்கொண்டு வந்தான். அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க, அவனை அப்படியே ஏரியில் தள்ளினால் என்ன என்றும் தோன்றியது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அவன் வீட்டு வாசலில் அவன் மனைவி கைப்பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பிள்ளையைத் திண்ணையில் கிடத்திவிட்டு அவன் காலைப் பிடித்தாள். நான் தோளைப் பிடித்தேன். உள்ளே கொண்டுபோய்ப் போட்டோம். பிறகு அவள் தன்னுடைய இன்னொரு புடவையை எடுத்துக் கொடுத்தாள். அது அவளுக்கு இருந்த ஒரே மாற்றுப் புடவை என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கடைசியில நீயும் பொறுத்துட்ட" என்றார்.

"பொறுக்கல" என்றேன். "வெயில்ல கெடந்தான். தூக்கிக்கினு வந்தேன். அம்மாந்தான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல" என்று கத்தினேன். பிள்ளைகள் பயந்து பார்த்தார்கள். அது ஒன்றா இரண்டா என்று அவரோடு பல வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வண்டிக்காரன் திருந்தினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். சில மாதம் குடிக்காமல் இருப்பான், பிறகு விழுவான். விழுந்தால் அவன் மனைவி பெரிய பெண்ணை எங்கள் வீட்டுக்கு அனுப்புவாள். அவன் மனைவியும் நானும் போய்த் தூக்கிக்கொண்டு வருவோம். எங்கே கிடப்பான் என்று எங்களுக்குப் பழகிவிட்டது. போகிற வழியில் பேசிக்கொண்டே போவோம். சில சமயம் சிரிக்கவும் சிரித்திருக்கிறோம். ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். இவனுடைய குடி இல்லாவிட்டால் அந்தச் சிநேகிதம் இல்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், அவளுக்குக் காய்ச்சல் என்று நான் மட்டும் போனேன். அன்று அவனுக்கு அரைப் போதைதான். தானே வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டான். பாதி தூரம் வந்த பிறகு பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அண்ணி."

"இன்னா?"

"இன்னும் எம்மேல கோவந்தானா?"

நான் யோசித்துப் பார்த்தேன். காலையில் குளிப்பதற்கு என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கிணற்றடிக்கு அழைத்துப் போனது நினைவுக்கு வந்தது.

"ஆமா" என்றேன்.

"அப்பால ஏன் வந்தீங்க?"

"வேற யாரு வருவாங்க?"

அவன் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான். வீட்டில் அவனை இறக்கிவிட்டு, காய்ச்சலில் படுத்திருந்த அவளிடம் போனேன்.

"நாளைக்குக் காலையில எனக்கு எரு அடிக்கணும்னு சொல்லு. வெயில் ஏறறதுக்கு முன்ன வரச் சொல்லு."

"எழுந்தா அனுப்பறேன்க்கா" என்றாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து எருக்குழி ஓரத்தில் கூடையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உச்சிப் பொழுது தாண்டித்தான் வந்தான். நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்தபடியே எருவை அள்ளி வண்டியில் போட்டான்.